டைகரும் என் டி-செல்களும்

எங்கள் நாரணாபுரம் பட்டாசு ஆலையின் காவல் நாய் டைகர் எல்லோரையும் உள்ளே விடும். முதலாளியைக் கண்டால் மட்டும் கடிக்கப் பாயும். முதலாளி என் அப்பா இராமகிருஷ்ணன். புது ரக வெடி எதுவானாலும் அவரே திடலில் பற்றவைத்துப் பார்ப்பார். அவர் சட்டை வாசனை வந்தாலே காது கிழியும் என்று டைகர் முடிவு கட்டிவிட்டது. சோறு போடுகிறவரே எதிரியாகிவிட்டார்.

என் உடம்பிலும் இதே கூத்துதான். கிருமியைப் பிடிக்க வேண்டிய டி-செல்கள் என் மூளை நரம்புகளின் மேலுறையை எதிரி என்று நினைத்துக் கடிக்கின்றன. இரண்டு முறை கண் மங்கியது. இடது கால் இன்னும் மரத்துக் கிடக்கிறது. அடுத்து எது போகுமோ என்று எனக்குப் பயம்.

மதுரை டாக்டர் ஒரு சோதனைச் சிகிச்சையைச் சொன்னார். அந்த மேலுறைப் புரதத்தின் சின்னத் துணுக்கை, அதாவது பெப்டைடை, ஊசியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்களாம். கலவரமில்லாத நேரத்தில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தால், 'நம்ம ஆள்தான்' என்று செல்கள் அடங்கலாம். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, உறுதி கிடையாது.

"கடிக்கிறவனுக்கே கறிச்சோறா? ஒண்ணும் வேண்டாம் பாப்பா," என்றார் அப்பா.

சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்தை நானே போடலாம். ஆனால் அப்பா தலையாட்டாமல் எங்கள் வீட்டில் உப்புமாகூடக் கிண்டமாட்டார்கள்.

அவரது அழுக்குச் சட்டை ஒன்றைத் திருடி, ஒரு கையை மட்டும் வெட்டினேன். வெடிச்சத்தம் இல்லாத காலை வேளைகளில் அதை டைகரின் சோற்றுத் தட்டருகே வைக்கும்படி காவலாளி பெத்தணனிடம் சொன்னேன். முதலில் உறுமியது. அப்புறம் உறுமிக்கொண்டே தின்றது. போகப் போக அதன்மேல் தலைவைத்துத் தூங்க ஆரம்பித்தது. வீட்டில் அப்பா, சட்டையைத் தொலைத்ததாகச் சலவைக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலை வாசலில் அவரைக் காரிலிருந்து இறங்கச் சொன்னேன்.

"எம்மேல எதும் கோவமா பாப்பா?"

இறங்கினார். டைகர் வந்தது, மோந்தது, அவர் காலடியில் படுத்துக்கொண்டது. நான் சட்டைக்கையை நீட்டினேன். "இதாம்ப்பா பெப்டைடு."

வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"நாய் பழகலேன்னா நான் காருக்குள்ள ஓடிருவேன். நீ ஒன் ஒடம்ப விட்டு எங்கன ஓடுவ?"

என் குறும்பெல்லாம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. "எங்கயும் ஓட முடியாதுப்பா. அதான் அந்த ஊசிக்குப் போறேங்கேன்."

அப்பா குனிந்து, முதல் தடவையாக டைகரின் தலையைத் தடவினார்.

"எப்பக் கெளம்பணும்?" என்றார். "நானும் வாரேன்."