திட்ட அழைத்த விருந்தாளி

எங்கள் தீவில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்ட கலவர வருடத்தில் எனக்குப் பட்டப்பகலிலும் கனவு வந்தது. பாய் விரித்துக் கிராம்பைக் காயப்போட்டுவிட்டுக் கோழிக்குக் காவலாக உட்கார்ந்தால், அந்த வாசனையில் கண் சொருகும். என் தம்பி நீக்கோ எங்கள் ஊர் வளைகுடாத் தண்ணீர்மேல் நடந்து வருவான். கணுக்கால் மட்டும் நனைந்திருக்கும். "அக்கா, புகையிலை இருக்கா?" என்பான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் விழிப்பு வந்துவிடும், வாயெல்லாம் எரியும். அந்த மாதம் முழுக்க எனக்கு வாய்ப்புண்.

நீக்கோ ஒரு செவ்வாய்க்கிழமை, வாய்புத்தே ஊரில் கிராம்பு பறிக்க ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வெள்ளிக்கிழமை வாய்புத்தே எரிந்தது. இருபது வீடு, ஏழு உயிர், எல்லாம் எங்கள் கிறிஸ்தவ ஜனம். தீ வைத்தவர்கள் முஸ்லிம்கள். கரிந்த உடல்களில் யார் எவர் என்று தெரியவில்லை. தம்பியும் திரும்பவில்லை.

என் கணவர் எலிஃபாஸ் எங்கள் ஊர்க் கோயிலின் போதகர். பட்டணத்துத் தலைமைச் சபையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வாய்புத்தே அக்கிரமத்தைக் கண்டித்து எல்லாக் கோயில்களிலும் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. மனுஷன் அதை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

"வாயில என்ன, சாகோ மாவுக் களியா அடைச்சிருக்கு?" என்று கேட்டேன். "ஊரே சிரிக்குது. போதகர் பயந்துட்டார்ங்கிறாங்க."

"பயம் இல்ல யோசினா. நூருவாய் இருக்கே."

நூருவாய் வளைகுடாவின் அக்கரையில் இருக்கும் முஸ்லிம் ஊர். எந்தக் காலத்திலோ இரண்டு ஊர் முன்னோரும் ஒரே குவளையில் குடித்துச் சத்தியம் செய்து உடன்பிறப்பானார்கள். அந்த உறவுக்குப் பெலா என்று பேர். எங்கள் கோயில் கூரைக்கு மரம் அறுத்தது அவர்கள். அவர்கள் பள்ளிவாசல் தூண்கள் எங்கள் காட்டிலிருந்து போனவை. ஒருவர் தோப்பில் மற்றவர் கேட்காமலே தேங்காய் பறிக்கலாம். பெண் மட்டும் எடுக்கக் கூடாது. இன்னொன்றும் கூடாது: பெலா சகோதரனின் குற்றத்தை அவன் இல்லாத இடத்தில் பேசக் கூடாது. பேசினால் வாய் புண்ணாகும்.

"தீ வெச்சது நூருவாய்க்காரங்க இல்லையே," என்றேன்.

"அவங்க மார்க்கத்து ஆளுங்கதானே. ஏசினா அவங்களுக்கும் சேர்த்துத்தான் வலிக்கும். நான் கண்டிக்க மாட்டேன்னு சொல்லல. யார் முன்னாடி சொல்றேங்கிறதுதான் விஷயம்." கொஞ்சம் தயங்கினார். "அப்துல் கனிக்கு ஆள் அனுப்பியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து உக்காரச் சொல்லி."

அப்துல் கனி நூருவாயின் இமாம்.

"திட்டு வாங்கப்போறவனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைப்பா?" என்றேன். "உங்களை மாதிரி ஒரு கிறுக்கனைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு."

"உன் வாய்ப்புண்ணுக்குத் தேன் தடவினியா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கிராம்புத் தட்டைக் கவிழ்த்தேன். பிறகு நானேதான் பொறுக்கினேன்.

ஞாயிறு காலை கடல்மேல் பனி பாலாகக் கிடந்தது. அதற்குள்ளிருந்து படகு எப்போது பிரிந்து வந்தது என்றே தெரியவில்லை. ஒன்பது பேர். நீளமான ஒரே வெள்ளைத் துணியைச் சுற்றிப் பிடித்து, அதற்குள்ளேயே நடந்து வந்தார்கள். பெலாத் திருவிழாவுக்கு வருவதுபோல வந்தார்கள். இமாம் முன்வரிசைப் பலகையில் உட்கார்ந்தார்.

எலிஃபாஸ் கடிதத்தை வாசித்தார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. 'இரக்கமற்ற மூர்க்கம்' என்ற இடத்தில் நான் இமாமையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வலிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் தலை குனிந்து கேட்டார். முடிந்ததும் எழுந்தார்.

"போதகர் வாசிச்சது அத்தனையும் உண்மை. வாய்புத்தேயில தீ வெச்சவங்க எங்க ஆளுங்க. எங்களுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வாசிக்கணும். நீங்க வந்து உக்காரணும்."

நான் அவர்களுக்குச் சாப்பாடு போடவில்லை. பெலா விருந்தாளியைப் பட்டினியாக அனுப்பியவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். இமாம் தாமாகவே என் அடுப்படிக்குள் வந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. குவளையைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் முறை. நானும் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். பார்த்துவிடலாம், எங்களைச் சொல்ல இவர்களிடம் என்ன இருக்கிறது என்ற வீம்புதான். படகில் பனிக்குள் போகும்போது கண் சொருகியது. நீக்கோ தண்ணீரில் கூடவே நடந்து வந்தான். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிவாசல் தாழ்வாரத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். இமாம் கடிதத்தைப் பிரித்தார். நூருவாய்க்குப் பக்கத்தில் பத்துலொம்பா என்ற முஸ்லிம் குடியிருப்பு எரிந்த கதை அது. வாய்புத்தேக்கு மூன்று நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை. பதினோரு வீடு, நாலு உயிர். அதற்குப் பழியாகத்தான் வாய்புத்தே. எங்கள் கடிதத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமையே இல்லை.

"தீ வைத்தவர்களில்..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். காகிதத்தை மடித்தார்.

"படிங்க இமாம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மிச்சத்தைக் கேக்க வேண்டியவங்ககிட்ட முதல்ல வீட்டுல சொல்லணும்," என்றார்.

என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அடுப்படியில் அவர் மனைவி களி கிண்டிக்கொண்டிருந்தாள். இமாம் பரணிலிருந்து ஒரு புகையிலைத் தகரடப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். மூடி கழன்றுவிடாமல் ரோஜாநிற நூலால் கட்டியிருந்தது. எங்கள் கோயில் பாடகர் குழுவின் திரைச்சீலை தைத்த மிச்ச நூல் அது. நீக்கோவுக்குக் கட்டிக் கொடுத்தது நான்.

"தீ அவனையே சுத்தி வளைச்சிடுச்சு. வெளிய வர முடியாம புகையில மூச்சு முட்டிப் போயிட்டான்," என்றார். "நாங்கதான் அடக்கம் பண்ணோம் தங்கச்சி. உங்க வழக்கப்படி சிலுவை நட்டிருக்கோம். அன்னைக்கே உங்க அடுப்படியில சொல்லத்தான் வந்தேன். நீங்க முகம் குடுக்கல. நீக்கோன்னு எனக்கு அடையாளம் தெரிஞ்சது. இந்த டப்பாவை வேற யாருக்கும் காட்டல. கடிதத்துல பேர் இல்ல. நீங்க வேணாம்னா அந்த வரியை விட்டுடுறேன்."

டப்பாவைத் திறந்தேன். உள்ளே புகையிலைத் தூள் கொஞ்சம். ஒரு மாதமாக எத்தனை பேருக்கு எத்தனை சாபம் விட்டிருந்தேன். அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது, காது மடல் சுடச்சுட.

"கடிதத்தைக் குடுங்கண்ணா," என்றேன்.

தாழ்வாரத்துக்கு வந்து வெள்ளைத் துணிக்குள் நின்றேன். எலிஃபாஸ் பதறி எழுந்தார். மிச்சத்தை நானே வாசித்தேன். "தீ வைத்தவர்களில் ஒருவன் அங்கேயே இறந்தான். அவன் பெயர் தெரியவில்லை." காகிதத்தை இறக்கினேன்.

"பேர் தெரியும். நிக்கோதேமு. என் தம்பி. பத்துலொம்பாவுல தீ வெச்சது எங்க ஆளுங்க."

பிறகு சாப்பாடு வந்தது. சாகோ களியும் மஞ்சள் மீன் குழம்பும். என் பக்கத்தில் பத்துலொம்பாவிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் அந்த நாலு பேர்ல ஒருத்தர். மண்ணெண்ணெய் கேன் உங்க தம்பி கையிலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"இருந்திருக்கும்," என்றேன்.

அவள் மீன் சட்டியை என் பக்கம் தள்ளவில்லை. எடுத்துக்கொண்டும் போகவில்லை. நடுவில் அப்படியே இருந்தது. இருவரும் அதிலிருந்தே சாப்பிட்டோம்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. தம்பியைக் காட்டிக் கொடுத்தவள் என்கிறார்கள். கிராம்பு காயும்போது கண் சொருகுகிறது, ஆனால் தண்ணீர்மேல் யாரும் வருவதில்லை. வாய்ப்புண் ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை.