ஆசீர்வாதம் வாங்கிய ஹெட்போன்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் விருத்தாசலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊரெல்லாம் புழுக்கத்தைச் சொல்லிப் புலம்பியது. ஆசீர்வாதத்துக்கு மட்டும் வேறு குறை. செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவர் அரவைக் கொட்டகை சூப்பர்வைசர். காலை ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய் உட்கார்ந்தால் கரண்ட் போய்விடும். ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

அவரிடம் முந்நூற்றுக்குக் கொஞ்சம் குறைவாக சி.டி.க்கள் இருந்தன. முக்கால்வாசி வயலினும் வீணையும் புல்லாங்குழலும். அவர் மனைவி ஜெயமேரி மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். பாட்டென்றால் அதில் வார்த்தை இருக்க வேண்டும் என்பாள். அவருக்கு வார்த்தையே வேண்டாம். கல்யாணமான புதிதில் இதற்காகவே இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஒரு லேப்டாப் வாங்கி எல்லா சி.டி.க்களையும் அதில் ஏற்றிவிட்டால் பேட்டரியிலேயே இரண்டு மூன்று மணி நேரம் கேட்கலாம், மொட்டை மாடிக்கும் தூக்கிப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்து, படித்ததையெல்லாம் டைரியில் எழுதினார். எம்.பி.3 ஆக்கினால் இடம் மிச்சம், ஆனால் இசையில் கொஞ்சத்தை வெட்டிவிடும். எதையும் வெட்டாமல் சுருக்குகிற வகை ஒன்று இருக்கிறது, அது இடத்தை அடைக்கும். லேப்டாப்பின் சொந்த ஓட்டையில் ஹெட்போனைச் செருகினால் உள்ளே ஓடும் மெஷினின் இரைச்சலும் சேர்ந்து வரும். அதனால் யூ.எஸ்.பி.யில் மாட்டுகிற தனி சவுண்டு பெட்டி நல்லது. ஹெட்போனில் பின்பக்கம் திறந்தது ஒரு வகை, மூடியது ஒரு வகை. திறந்ததுதான் கச்சேரி மண்டபத்தில் உட்கார்ந்தது போலக் கேட்கும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நல்லமுத்து அவருக்குப் பழக்கம். டைரியை வாங்கிப் படித்த நல்லமுத்து, வாங்குவதற்கு முன்னால் காதால் கேட்டு முடிவு பண்ணுங்கள் என்று சொல்லி, சென்னையிலிருந்து ஒரு சவுண்டு பெட்டியும் திறந்த வகை ஹெட்போன் ஒன்றும் இரவல் வாங்கி வந்து வைத்தான். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஆசீர்வாதம் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். தான் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுவரும் ஒரு வயலின் கச்சேரி சி.டி.யைக் கையில் எடுத்துப் போனார்.

நல்லமுத்து அதிலிருந்து, மிருதங்கமும் கஞ்சிராவும் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனப் பகுதியை, நிறைய வெட்டியது, கொஞ்சம் வெட்டியது, வெட்டாதது என்று மூன்று விதமாக ஏற்றினான். எது எது என்று சொல்லாமல் போட்டான். முதலாவதைக் கேட்டு ஆசீர்வாதம் தலையாட்டினார். இரண்டாவதுக்கும் ஆட்டினார். மூன்றாவது முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, மூன்றும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்றார். நல்லமுத்து மறுபடி போட்டான். மறுபடியும் அதே பதில்தான். இதற்கா இத்தனை எழுதினோம் என்று அவருக்குச் சிரிப்பாக வந்தது.

சும்மா உட்கார்ந்திருந்த ஜெயமேரியிடம் ஹெட்போனைக் கொடுத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது நல்லது, முதலாவது மோசம் என்றாள். வரிசையை மாற்றிப் போட்டபோதும் சரியாகச் சொன்னாள்.

"எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?" என்று நல்லமுத்து கேட்டான்.

"அந்தக் கஞ்சிராவுல சின்னச் சின்னத் தகடு ஆடுதில்ல, அதான். நல்லதுல ஒவ்வொண்ணா தனியா கேக்குது. மத்ததுல ஈரத்துணி சுத்தின மாதிரி இருக்குது."

"எந்தத் தகடு?" என்று ஆசீர்வாதம் கேட்டார்.

ஜெயமேரி ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, அந்த இடம் வரும்போது அவர் முழங்கையைத் தொட்டாள். கஞ்சிராவின் தோலில் விரல் விழுவது அவருக்குக் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை தொட்டாள். சத்தத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினான். மிருதங்கம் காதை அடைத்ததுதான் மிச்சம். நல்லமுத்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

அந்தத் தகடுகள் சிணுங்குவதைப் புது சி.டி.யாக வாங்கிய நாளில் தான் கேட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எப்போது போனது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போய் ஒரு காது டாக்டரைப் பார்த்தார்கள். கண்ணாடி வைத்த சின்ன அறையில் அவரை உட்கார வைத்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன, அழுத்தினார். போகப் போக மெலிந்த சத்தங்கள். ஒரு கட்டத்தில் ஒன்றுமே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் விரல் மட்டும் ஏதோ ஒரு குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தது. அவள் அனுப்புகிறாள், தனக்கு வரவில்லை என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். நேராக வந்த கோடு ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பதினெட்டு வருஷமாக அரவைக் கொட்டகை என்றதும் மேலே எதுவும் கேட்கவில்லை. போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அரவை மில் ஓடும் இடத்தில் காதுக்குக் கவசம் இல்லாமல் நிற்காதீர்கள், ஹெட்போனில் கேட்டாலும் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ் நெய்வேலியைத் தாண்டியது. ஆசீர்வாதம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"ரெண்டு வருஷமா ஒன்னதான் கொறை சொல்லிக்கிட்டு இருந்தேன். வாய்க்குள்ளயே பேசுறே, தெளிவா பேசுன்னு. பாட்டுலகூட வார்த்தை சரியா வரலன்னு."

"சொன்னீங்க."

"தப்பு ஒங்கிட்ட இல்ல."

ஜெயமேரி, "நானும் சில நாளு வீம்புக்கு மெல்லமா பேசியிருக்கேன்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விருத்தாசலம் வரும்வரை விடவில்லை.

திங்கட்கிழமை கொட்டகைக்குள் போனவருக்கு அந்த இடமே வேறாகத் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் இரும்பு உருளைகள் நான்கு. உள்ளே கூழாங்கற்கள் உருண்டு மண்ணையும் கல்லையும் அரைத்துக்கொண்டிருந்தன. இத்தனை காலம் அதை அவர் சத்தமாகவே எண்ணியதில்லை. மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்த வீராயியிடம் வழக்கம்போல் காதருகே போய்க் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவளும் ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறாள்.

காதுப் பரிசோதனை வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து, வருகைப் பதிவேடு வைக்கும் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினார். பள்ளம் விழுந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவர் மறைக்காமல் சொன்னார். வீராயி டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எம் பொண்ணு சொல்லுதுண்ணே, அம்மா ஏன் எப்பப் பாத்தாலும் சண்டை போடுற மாதிரி பேசுறேன்னு. எனக்கு அப்படித் தெரியவே இல்ல."

ஆசீர்வாதம் அன்றைக்கே முதலாளி கோவிந்தராசுவைப் போய்ப் பார்த்தார். கோவிந்தராசு கெட்ட மனிதர் இல்லை. எதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுகிறவர், அவ்வளவுதான். காதை மூடிக்கொண்டால் மெஷின் சத்தம் மாறுவது எப்படித் தெரியும், பெல்ட் அறுந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

"கவசம் போட்டா சத்தம் கொறையும், மாறுறது தெரியாமப் போவாதுங்க. காது போனாதான் தெரியாது. போன மாசம் மூணாம் மில்லுல பேரிங் கீச்சுன்னு கத்தினத மொதல்ல சொன்னது யாரு? புதுசா வந்த பையன். நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குக் கேக்கல."

அந்த பேரிங் போனதில் நான்கு நாள் உற்பத்தி நின்றிருந்தது. கோவிந்தராசு பேனாவை மூடி வைத்தார். கொட்டகைக்கு வந்து, சுவரில் இருந்ததை நின்று பார்த்தார். அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை. ஆசீர்வாதம் தினமும் ஒருமுறை அலுவலக வாசலில் போய் நின்றுவிட்டு வந்தார். மூன்றாவது வாரம் இரண்டு ஷிப்டு ஆட்களுக்கும் சேர்த்து மஞ்சள் நிறக் காதுக் கவசங்கள் வந்தன. முதல் இரண்டு நாள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வியர்க்கிறது என்று சிலர் கழற்றிப் போட்டார்கள். வீராயி மட்டும் முதல் நாளிலிருந்தே கழற்றவில்லை.

லேப்டாப் விஷயத்தை அவர் கைவிட்டுவிட்டதாகத்தான் நல்லமுத்து நினைத்தான். கடைக்கு வந்தவரிடம் தயங்கித் தயங்கி, உங்களுக்கு எம்.பி.3யும் சாதாரண ஹெட்போனும் போதுமே அண்ணே என்றான். ஆசீர்வாதம் கோபப்படவில்லை. டைரியை எடுத்து, இரண்டு கோடு போட்டிருந்த வரியை அடித்தார். திறந்த வகை வேண்டாம், மூடிய வகை ஹெட்போன் கொடு என்றார். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் சத்தத்தைக் குறைவாக வைத்தே கேட்கலாம். சவுண்டு பெட்டி வேண்டும், ஏனென்றால் குறைந்த சத்தத்தில்தான் லேப்டாப்பின் இரைச்சல் அதிகம் தொந்தரவு செய்யும். வெட்டாத கோப்பாகத்தான் ஏற்ற வேண்டும்.

"எனக்குக் கேக்கலன்னு அதை வெட்டிப் போடணுமா? வூட்டுல கேக்குறவ இருக்கா" என்றார். ஹெட்போன் இரண்டு வாங்கினார். ஒரே பெட்டியில் இரண்டையும் மாட்ட ஒரு சின்ன இணைப்பும் வாங்கினார்.

சி.டி.க்களை ஏற்றி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, கரண்ட் போனது. மாடியில் தென்னங்கீற்று வேய்ந்த நிழலில் பாயை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு வீணைக் கச்சேரியை அவர் போட்டார். சத்தத்தை மிகக் குறைவாக வைத்தார். வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. வீணையின் தடித்த தந்தி அதிர்ந்து, அதிர்ந்து, மெல்ல அடங்கும் இடம்வரை அவரால் கூடப் போக முடிந்தது. மிருதங்கத்தின் இடது பக்கத்தில் உள்ளங்கை வழுக்கி எழும் கும்காரம் இவ்வளவு நீளமானது என்று இந்த நாற்பத்தாறு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. கைகாட்டி அவளுக்கும் அதைச் சொன்னார்.

ஜெயமேரி கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டாள், ஆமாம் என்று தலையசைத்தாள். வார்த்தை இல்லாத பாட்டு அவளுக்கு எப்போதும் தூக்கத்தை வரவழைக்கும். பல்லவி வருவதற்கு முன்பே ஹெட்போனோடு சாய்ந்து தூங்கிப் போனாள். அவர் அவள் தலையிலிருந்து அதை மெல்ல எடுத்து மடித்து வைத்துவிட்டு, மிச்சத்தையும் கேட்டு முடித்தார்.