வியாழக்கிழமை ஆறிய தகடுகள்

ஜான்சிக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. தொண்ணூற்றெட்டு மார்ச் மாதம். கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையின் உலைக்கு அவள்தான் பொறுப்பு. நிக்கல் கலந்த தகடுகளை ஆயிரத்து நூறு டிகிரியில் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் முக்க வேண்டும். எஃகுக்கு நேர்மாறாக, மெல்ல ஆறினால் அந்த உலோகம் விறைத்துவிடும். வேகமாகக் குளிர்ந்தால்தான் வளையும்.

நேற்று மூன்று தகடுகள் பிரஸ்ஸில் மடிக்கும்போதே பிளந்தன. முதலாளி பத்ரிநாத், பிரஸ் ஓட்டும் ஆரோக்கியசாமியை எல்லோர் முன்னாலும் திட்டி, "நாளைலேருந்து வராதீங்க" என்று அனுப்பிவிட்டார். பதினாறு வருஷம் வேலை பார்த்த மனிதர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

பிளந்தது ஏன் என்று ஜான்சிக்குத் தெரியும். வியாழக்கிழமை கரண்ட் போனதில் உலைக்கதவைத் தூக்கும் மோட்டார் நின்றுவிட்டது. தகடுகள் உள்ளேயே மணிக்கணக்காய் ஆறின. மறுபடி காய்ச்ச அலுத்துக்கொண்டு, 'தண்ணீரில் முக்கி எடுத்தது' என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

இரண்டு முறை ஆபீஸ் கதவுவரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை உள்ளே நுழைந்துவிட்டாள்.

"ஸார், ஆரோக்கியசாமி அண்ணன் மேல தப்பில்ல. நான் பொய் எழுதிட்டேன்."

நடந்ததைச் சொன்னாள். பத்ரிநாத்தின் முகம் சிவந்தது.

"அப்புறம் திட்டுங்க ஸார். பிளந்ததுல ஒரு துண்டு குடுங்க, காட்டறேன்."

துண்டு உலைக்குள் போனது. உலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். நேரம் ஆனதும் இடுக்கியால் இழுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினாள்; ஆவி முகத்தில் அடித்தது. பிறகு மேஜையிலிருந்த வைஸின் இடுக்கில் இறுக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டி மடக்கினாள். முனையும் முனையும் ஒட்டின. கீறலே இல்லை.

"எல்லாத்தையும் மறுபடி காய்ச்சு," என்றார் பத்ரிநாத். "இனி ரிஜிஸ்டர்ல நீ கை வைக்கக்கூடாது."

"சரி ஸார். அண்ணன்?"

"நீயே போய்ச் சொல்லு."

மத்தியானம் பஸ் பிடித்து நிக்டியில் ஆரோக்கியசாமியின் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நேத்துலேருந்து தவிச்சிட்டிருக்கேன்மா," என்றார் ஆரோக்கியசாமி.

"மன்னிச்சிருங்கண்ணே."

"எல்லார் முன்னாலயும்தான திட்டினாரு? அவரே வந்து கூப்பிடட்டும்."

மறுநாள் பத்ரிநாத்தின் ஸ்கூட்டரிலேயே ஆரோக்கியசாமி வந்து இறங்கினார். பிரஸ் இறங்கியது. தகடு சத்தமில்லாமல் மடிந்தது. ஜான்சி அடுத்த தகட்டை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.