மூசாவை அடையாளம் காட்டியவள்

பரிதி உயிரோடு திரும்பி வந்ததில் திருவையாற்றுப் பக்கத்து அந்த ஊருக்கே சந்தோஷம். ஆப்பிரிக்காவில் மின்கோபுர வேலைக்குப் போனவனைத் துப்பாக்கிக்காரர்கள் கடத்தி, ஏழெட்டு மாதம் பாலைவனத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அத்தனை மாதமும் அவன் மனைவி மதிவதனி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு அலைந்தாள்.

வந்தவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயைத் திறந்தால் மூசாதான். மூசா அவனுக்குக் காவல் இருந்தவன். காய்ச்சல் கண்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி போட்டானாம். தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்தானாம்.

"உங்களைக் கட்டிப்போட்டதும் அவன்தானேங்க?"

"கட்டினான். ஆனா மத்தவனுங்க மாதிரி இறுக்கமாட்டான்."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு கனிவு வந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு மட்டுமே கிடைத்த கனிவு. மறுநாள் நடவு வயலில் நாற்றுமுடியைப் பிரிக்கும்போதும் மதிவதனிக்கு வயிறு எரிந்தது. இன்னொரு பெண் என்றால் நாலு பேரைக் கூட்டியாவது கேட்கலாம். துப்பாக்கியோடு நின்ற ஒருத்தனைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

கடத்திய கும்பலில் சிலர் அங்கே பிடிபட்டிருப்பதாகவும், ஆளை அடையாளம் காட்ட வேண்டும் என்றும் போலீசார் பரிதியைத் தஞ்சாவூருக்கு அழைத்தார்கள். அவளும் கூடப் போனாள். அதிகாரி மேசைமேல் புகைப்படங்களைப் பரப்பினார். பரிதியின் கண் ஒரு படத்தில் நின்று, சட்டென்று விலகியது.

"யாரையும் தெரியலை சார்."

அந்தப் படத்தில் இருந்தவனுக்கு இடது புருவம் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. மூசாவின் புருவத்தைப் பற்றிப் பரிதி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன், இவனுக்காகச் சொல்கிறான்.

அவள் படத்தின்மேல் விரலை வைத்தாள். "இவன்தான் சார். பேர் மூசா. இவரே எங்கிட்ட சொல்லியிருக்காரு."

பரிதி மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.

"அவனைக் கொன்னுடுவாங்க மதி."

"நான் இங்க தினம் செத்துச் செத்துப் பொழைச்சேன். அதை ஒரு தரமாவது கேட்டீங்களா?"

பரிதி உடைந்து அழுதான். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகை தனக்கானதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இனி அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லமாட்டான் என்பதும், மறக்கவும் மாட்டான் என்பதும் தெரிந்தது. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.