வெள்ளைத் தரை

காத்தாயி சிவரஞ்சனியின் முழங்கையைப் பிடித்து, தள்ளாத குறையாக அறைக்குள் கொண்டுவந்து விட்டாள்.

“எட்டு மாச வயித்தோட பொணத்துக்கிட்ட நிக்கக்கூடாதுடி. எடுத்துட்டுப் போற வரைக்கும் இங்கிட்டே இரு.”

“இந்த ரூம்லயா பெரியத்தை?”

காத்தாயிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் தம்பி சேவுகன் விழுந்து கிடந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். “மத்த ரூம் பூராம் ஆளா இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பிறக்கப்போகும் குழந்தைக்காகப் புதுப்பித்த அறை அது. சுவரில் இளமஞ்சள் பெயின்ட். கீழே பால் போல வெள்ளை டைல்ஸ். மேலே சுற்றும் மின்விசிறி அதில் அப்படியே தெரிந்தது. ரத்தத்தைத் துடைத்தவர்கள் நன்றாகத்தான் துடைத்திருந்தார்கள். சிவரஞ்சனி கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. நேற்றுக் காலையிலிருந்து பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

மூன்று மாதத்துக்கு முன் மாமனார் சேவுகனோடு புதுக்கோட்டைக்குப் போய் டைல்ஸ் பார்த்தாள். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் முப்பது வருஷம் மல்லிகையும் கனகாம்பரமும் நிறுத்துப் போட்டவர் அவர். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். கடையில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொரு டைல்ஸ் மேலும் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். மண் நிறத்தில் சொரசொரப்பாக இருந்த ஒன்றில் கால் நின்றது.

“இதான் ஆத்தா. புள்ள தட்டுத்தடுமாறி நடக்கும்போது வழுக்காது.”

அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் பார்த்த அவள் புருஷன் கோபிநாத் சிரித்தான்.

“மாட்டுக் கொட்டகைக்கா எடுக்குறீங்க? அந்த வெள்ளையக் காட்டு.”

தண்ணீர் பட்டால் வழுக்கும் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். “நான் வந்து பாக்கும்போது வீடு வீடா இருக்கணும்!” என்று அவன் குரலை உயர்த்த, கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சேவுகன் அவள் பக்கம் குனிந்து, “விடு ஆத்தா. ஆசைப்படுறான்” என்றார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சரியை நினைக்க நினைக்கத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மகன் எதைக் கேட்டாலும் விட்டுக்கொடுத்தே பழகிய அந்த மனிதர் மேல்கூடக் கோபம் வந்தது. மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். வீட்டில் அவரும் அவளும்தான். அவளால் குனிய முடியவில்லை என்று நேற்று அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த அறையைத் துடைத்தார். அடுப்படியில் நின்றவளுக்கு வாளி உருளும் சத்தம் கேட்டது. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வெளியே ஒப்பாரி திடீரென்று உயர்ந்தது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்துவிட்டது. கோபிநாத் கதறுவது கேட்டது. வெகுநேரம் கழித்து, அவனுடைய சித்தப்பா ரெங்கராஜின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

“நேரம்ப்பா. பிரஷர் இருந்துச்சுல்ல, மயக்கம் வந்து சாஞ்சிருப்பாரு.”

“ஆமா சித்தப்பா. மாத்திரைய ஒழுங்காக் குடுத்தாங்களோ என்னமோ” என்றான் கோபிநாத்.

சிவரஞ்சனி எழுந்து கதவைத் திறந்தாள். காத்தாயி ஓடிவந்து நீட்டிய கையை விலக்கிவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

“மாத்திரை நாந்தான் குடுத்தேன், எட்டு மணிக்கு. மயக்கமெல்லாம் வரல. வழுக்கி விழுந்தாரு.”

“ரஞ்சனி, எல்லாரும் இருக்காங்க...”

“இருக்கட்டும். அன்னைக்குக் கடையிலயும் எல்லாரும் இருந்தாங்க. அங்க சிங்கப்பூர்ல, கட்டட சைட்ல தண்ணி சிந்துனா ‘வழுக்கும்’னு மஞ்சப் பலகை வக்கிறதுதான ஒங்க வேலை? ஊரான் வீட்டுப் புள்ள வழுக்கி விழக்கூடாதுன்னு நிக்கிறீங்க. ஒங்கப்பா தண்ணிய ஊத்தி, ஏறி நின்னு காமிச்சாரு. நீங்க சிரிச்சீங்க.”

ஒப்பாரி நின்றுபோயிருந்தது. சேவுகனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. சிவரஞ்சனி பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டாள். தூக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை. உள்ளே போகச் சொல்லிக் காத்தாயியும் கூப்பிடவில்லை.

பொழுது சாயும்போது சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். குளத்தில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்த கோபிநாத், விளக்கைக் கும்பிட்டுவிட்டு அறை வாசலுக்கு வந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து சேவுகனின் வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தான். ஈரப் பாதம் வழுக்கியது. சட்டென்று பின்னுக்கு எடுத்துக்கொண்டான். வேட்டி நுனியிலிருந்து சொட்டிய நீர் வெள்ளைத் தரையில் பரவியது. மறுபடி வைத்தான்; மறுபடி எடுத்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

சிவரஞ்சனி கையிலிருந்த வேட்டியின் கரையை நேராக்கி, நாலாக மடித்தாள்.