கை காட்டியவள்

ஓடைப்பாலம் கண்ணில் பட்டதுமே பால்துரைக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். நெஞ்சின்மேல் யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல மூச்சு பாதியில் நிற்கும். கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டுவிட, கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் அந்தத் தனியார் பஸ், ஆளில்லாத ரோட்டில் மாட்டுவண்டி கணக்காக ஊரும். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கும் கரிசல், வேலிக்கருவேல மரங்கள், வெயில். வேறு எதுவும் இருக்காது. ஆனாலும் ஏதோ ஒன்று குறுக்கே வரப்போகிறது என்று உடம்பு முழுவதும் காத்துக்கொண்டிருக்கும்.

“அண்ணே, டயத்துக்குப் போகலன்னா முதலாளி நம்மளத்தான் ஏசுதாவ” என்பான் கண்டக்டர் சோலைராஜ், பின்னாலிருந்து.

பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. நான்கு மாதத்துக்கு முன்னால், மாசி மாதம், ஒரு மத்தியான ட்ரிப்பில், பாலம் தாண்டி நூறடியில் சுப்புத்தாய் என்ற நடுவயதுப் பெண் வண்டியில் அடிபட்டாள். உயிர் பிழைத்துக்கொண்டாள். இடது கால்தான் உருப்படியாகக் கூடவில்லை. அவள்தான் குறுக்கே பாய்ந்தாள் என்று வண்டியில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். ஸ்டேஷனில் பால்துரையும் அதையே சொன்னான். கேஸ் அத்தோடு முடிந்தது. முடியாதது அவன் உடம்பில்தான் இருந்தது.

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயம் இரும்பு மாதிரி இருக்கிறது, மனசுதான் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். கூடவே, பள்ளிக்கூடம் ஒன்றில் காலை ஐந்தரை மணிக்கு நடக்கும் தியான வகுப்புக்கும் போகச் சொன்னார். வீட்டில் நேசம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

“நம்ம வேதத்துல இல்லாத காரியம்லா? சர்ச்சு ஐயருகிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?”

“மந்திரம் ஒண்ணுங் கெடையாதுட்டி. மூச்சு போறதையும் வாறதையும் பாத்துக்கிட்டு சும்மா உக்காரணுமாம்.”

“சும்மா உக்காரதுக்கு ஒரு வகுப்பா?”

சொல்லிக்கொடுத்தவள் கிருஷ்ணவேணி என்ற கணக்கு டீச்சர். முப்பது வயதுகூட இருக்காது. தன்னைவிட பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள் முன்னால் சம்மணம் போட்டு உட்காரக் கூச்சமாக இருந்தது. முதல் வாரம் முதுகு அரித்தது, முட்டி வலித்தது, கண்ணை மூடினால் இன்ஜின்தான் இரைந்தது. “இரையட்டும். அது இரையுதுன்னு தெரியுதுல்லா, அது போதும் அண்ணாச்சி” என்றாள் அவள். மூன்றாவது வாரம், பல நாளைக்குப் பிறகு, விடிய விடியத் தூங்கினான். உள்ளங்கை வேர்ப்பது குறைந்தது. மாத்திரையைப் பாதியாக்கினார் டாக்டர். ஒருநாள் பாலத்தைத் தாண்டிப் போன பிறகுதான் பாலம் போய்விட்டதே என்று உறைத்தது. “இப்பத்தான் மொகத்துல ரத்தம் ஓடுது. போயிட்டு வாங்க” என்று நேசம்மாளே நான்கரைக்கு எழுப்பிவிடத் தொடங்கினாள்.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை வகுப்பில் அது வந்தது. அவன் தேடிப் போகவில்லை. மூச்சு மெலிந்து, உள்ளே ஒரு அரவமும் இல்லாமல் இருந்தபோது, குளத்துத் தண்ணீர் தெளிந்து அடிமண் தெரிவதுபோல அந்த மத்தியானம் அப்படியே தெரிந்தது. முந்தின ஸ்டாப்பில் சோலைராஜ் விசில் கொடுக்கப் பிந்திவிட்டான். அந்த ஆத்திரத்தில் பால்துரை கழுத்தைத் திருப்பி, “ஏலே, தூங்குதியா?” என்று கத்துகிறான். மறுபடி முன்னால் பார்த்தால் வண்டி இடதுபக்க மண்ணில் இறங்கி ஓடுகிறது. அங்கே, ரோட்டுக்கு வெளியே, சுப்புத்தாய் நிற்கிறாள். ஓடவில்லை. பாயவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அதன்பிறகு சோலைராஜ் போட்ட சத்தம்: “குறுக்க பாஞ்சுட்டா!” வெக்கையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த சனம் அதைத்தான் முதலில் கேட்டது. அதையே சொன்னது. அவனும் சொன்னான், சொல்லிச் சொல்லி நம்பியும் விட்டான்.

எல்லாரும் போனபின் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னான். “நான் நிம்மதிக்குத்தான டீச்சர் வந்தேன். இத வாங்கிட்டுப் போகவா வந்தேன்?”

“அத நான் கொண்டாந்து உங்களுக்குள்ள வைக்கல அண்ணாச்சி” என்றாள் கிருஷ்ணவேணி. அவள் முகத்திலும் பயம் இருந்தது.

நேசம்மாள் கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “லைசென்ஸ் போயிரும். ஜெயிலுக்கும் போகணும். அஞ்சு மாசமா அடங்கிக் கெடக்கத எதுக்குக் கெளறணும்?” என்றாள். சற்றுப் பொறுத்து, “அடிபட்டவிய எந்த ஊரு?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஆராதனைக்குப் போகவில்லை. வேறொரு பஸ்ஸில் டிக்கெட் எடுத்து, ஆளோடு ஆளாக ஜன்னலோரம் உட்கார்ந்து போனான். மூச்சைக் கவனிக்கப் பார்த்தான். அது கைக்குச் சிக்கவில்லை. இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

சுப்புத்தாய் வீட்டுக்குள் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து பருத்திச் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. யாரென்று சொன்னதும், உட்காரச் சொன்னாள். அவன் நின்றுகொண்டே, மனசுக்குள் நூறு தடவை ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினான்.

அவள் கையிலிருந்த பருத்தி மடியில் விழுந்தது.

“நான் குறுக்க ஓடலையா?”

“இல்லம்மா. ஓரத்துல நின்னு கை காட்டுனிய. நாந்தான் பாக்கல.”

அவள் அவனையே பார்த்தாள். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்து நின்றான்.

“எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே நெனவில்ல ஐயா. முழிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரி. ஓடுத வண்டிக்குக் குறுக்க பாஞ்சியாம்லான்னு எம் மவனே கேட்டான். நான் எதுக்குப் பாயணும்? சாகவா போனேன்? அதுவும் தெரியல. நமக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சிட்டேன். அடுப்பப் பத்த வைக்கக்கூடப் பயம். பேத்திய மடியில தூக்கி வைக்கப் பயம். நான் என்ன செய்வேனோன்னு எனக்கே தெரியலையே.” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. “அஞ்சு மாசம் ஐயா!”

தன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே மூட்டை இந்த வீட்டிலும் இத்தனை நாள் இருந்திருக்கிறது என்பது பால்துரைக்குப் புரிந்தது. இவளை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்ல யாருமில்லை.

அவள் முகத்தைத் துடைத்துவிட்டு ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள். “புடிச்சுத் தூக்கி விடுங்க” என்றாள். தூக்கிவிட்டான். அவள் எடை காலி சாக்குப் போல இருந்தது.

“எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. எல்லாரும் அங்கன தண்ணி புடிக்காவ. வந்து சொல்லுங்க.”

“வாரேன்மா” என்றான்.

ஒரு கையில் கம்பும் மற்றக் கையில் அவன் முழங்கையுமாக அவள் வாசல்நிலையைத் தாண்டி, அடிபட்ட பிறகு முதல் தடவையாக, தெருவில் காலை வைத்தாள். கண் கூசும் வெயில். தெருமுனையில் அடிபம்பைச் சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். குனிந்து குடத்தைத் தூக்கப்போனவள் அப்படியே நிமிர்ந்தாள். பம்பை அடித்துக்கொண்டிருந்தவள் கையை விட்டுவிட்டாள். கைப்பிடி ஆடி நின்றது; தண்ணீர் மெலிந்து, நூலாகி, நிரம்பிய குடத்தின் விளிம்பு வழியாகக் கறுப்பு மண்ணில் இறங்கியது.