சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம்

நன்றாக வேலை செய்தால் வேலை போய்விடும். மிதிவெடி எடுப்பவர்களின் தலையெழுத்து அது. ஜெயரூபியும் அவள் புருசன் சுகிர்தனும் கலியாணத்துக்கு முன்பிருந்தே கிளிநொச்சிப் பக்கத்துக் காணிகளில் முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டியவர்கள். துப்புரவான காணியில் சொந்தக்காரர் வந்து தென்னம்பிள்ளை வைக்கும்போது இவர்களுக்கும் சந்தோசம்தான். ஆனால் அடுத்த வருடத்தோடு வேலை முடிகிறது என்ற கதை வந்த நாளிலிருந்து சுகிர்தனுக்குச் சோறு இறங்கவில்லை. முரசுமோட்டையில் இருந்த துண்டு வயலையும் போன மாரி வெள்ளம் மணலால் மூடிவிட்டுப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்புத்துரைச் சித்தப்பா கட்டாரிலிருந்து கதைத்தார். பூவரசங்குளத்து மனிசன், டோஹாவில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்துக்குப் பொறுப்பு. அந்தத் தோட்டத்துக்குப் புருசனும் பெண்சாதியுமாய் இரண்டு பேர் வேண்டுமாம். இருக்க அறையும் உண்டாம்.

"ஒரு கிழமை வந்து நிண்டு பாருங்கோ. உங்களுக்கும் பிடிக்கவேணும், வீட்டுக்கார அம்மாவுக்கும் பிடிக்கவேணும். பிறகு விசாவைப் பாப்பம்" என்றார்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. பூட்டிவிட்டு விமானம் ஏற என்ன தடை?

சுகிர்தனுக்கு வேலை ஆசை. ஜெயரூபியின் ஆசை வேறு. இத்தனை வருடத்தில் அவர்கள் ஒருநாளாவது பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்ததில்லை. சுப்பவைசர் இளையதம்பி அண்ணை விடமாட்டார். "ஒரு வீட்டுக்கு ஒரு பாடை போதும்" என்று சொல்லி, புருசனைக் காணியின் ஒரு தொங்கலிலும் பெண்சாதியை மறு தொங்கலிலும் விடுவார். தூரத்தில் நீலக் கவச உடுப்போடு ஒரு பொட்டாகத் தெரிபவன்தான் வேலை நேரத்தில் அவளுடைய புருசன். தலையை நிமிர்த்தும்போதெல்லாம் அந்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் அடுத்த கைப்பிடி மண். டோஹாவில் அவனோடு தோளுரசப் புல்லுப் பிடுங்கலாம் என்று அவள் மனக்கோட்டை கட்டினாள். பெரிய ஆசையா இது?

டோஹா அவளுக்குப் பிடித்தது. கட்டடங்களுக்காக அல்ல. எங்கு பார்த்தாலும் கல்லும் தாரும் கண்ணாடியும். கால் வைக்க யோசிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு நாளும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வீதியில் நடந்தாள். ஊரில் அப்படி நடந்தால் சிரிப்பார்கள்.

மூன்றாம் நாள் தோட்டம். வீட்டுக்கார அம்மா மேல்மாடியில் நின்று பார்ப்பா என்று சொல்லி வைத்த சித்தப்பா, புல்தரையின் ஒரு பகுதியைச் சுற்றித் தடி நட்டுக் கயிறு கட்டியிருந்தார். தடிகளின் தலையில் சிவப்புப் பூச்சு.

"சிவப்புத் தடிக்கு உள்ளுக்குத்தான் களை கிடக்கு. அதைத் துப்புரவாக்குங்கோ" என்றார்.

அவரில் பிழை இல்லை. உலகத்துக்கு அது வெறும் தடி. மிதிவெடிக் காணியில் சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம் என்றால் வெடி இருக்கிறதா என்று இன்னும் பார்க்காத மண். தாகம் என்றாலும், தொப்பி பறந்தாலும், தாய் கூப்பிட்டாலும் கடக்கக்கூடாது.

ஜெயரூபி கயிற்றுக்கு வெளியே முழங்காலில் இருந்தாள். காணியில் செய்வதுபோலவே கைக்கரண்டியைச் சரித்துப் பிடித்து, விரலால் தடவி, ஒரு புல், பிறகு ஒரு புல். இது டோஹா, இது புல் என்று அறிவு சொன்னது. அறிவு சொல்லிக் கை கேட்குமா? மற்ற வேலைக்காரர் ஒரு பாத்தியை முடித்தபோது அவள் உள்ளங்கை அகலம் முடித்திருந்தாள்.

"பிள்ளை, புல்லைப் பிடுங்கத்தான் சொன்னனான். ஒப்பரேசன் செய்யச் சொல்லேல்ல" என்று சித்தப்பா பகிடி விட்டார். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த சுகிர்தன் எழும்பினான். கையைத் தட்டினான். காலைத் தூக்கிக் கயிற்றைக் கடந்தான்.

"நில்லு!"

புருசனை அவள் ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. அது பெண்சாதியின் குரல் அல்ல, காணியில் போடும் கட்டளை. ஏணியில் நின்று கிளை வெட்டிய வேலைக்காரன் கத்தரிக்கோலைத் தவறவிட்டான். மேல்மாடியில் ஜன்னல் திறந்தது. ஜெயரூபி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையோடு குப்புறக் கிடந்தாள்.

"ரூபி, இஞ்ச ஒண்டுமில்லையடி. பார், பார்" என்று சொல்லி சுகிர்தன் புல்லின் நடுவில் நின்று குதித்துக் காட்டினான். அவன் சிரித்தான். அவள் வாந்தி எடுத்தாள்.

பின்னேரம் சித்தப்பா வந்து மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்குச் சுகிர்தனைப் பிடித்திருக்கிறது. இப்படிப் பயந்த பொம்பிளையை வீட்டுக்குள் எடுக்க அவவுக்கு விருப்பமில்லை.

"நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றான் சுகிர்தன், அவர் போன பிறகு.

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டா என்ன சொல்லுவாய்? ஊரில இருந்து ரெண்டு பேரும் மண்ணைத் தின்னுறதே?"

கெடுத்தவள் அவள்தானே. காணியின் இரண்டு தொங்கல் போதாதென்று இனிக் கடலின் இரண்டு தொங்கல்.

விசா வரும்வரை பழைய வேலைக்குப் போவதென்று ஊருக்குத் திரும்பினார்கள். முரசுமோட்டைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கியதும் சுகிர்தன் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, வீதியை விட்டிறங்கிப் பற்றைக்குள் ஒன்றுக்குப் போனான். முன்பென்றால் பார்க்காத மண்ணில் கால் வைக்காமல் அடக்கிக்கொண்டு வீடு வரை நடப்பான். ஜெயரூபி வீதியில் நின்று அவன் கால்களைப் பார்த்தாள். வருடக்கணக்காய்ப் படித்த பாடத்தை அந்தக் கால்கள் ஒரு கிழமையில் மறந்திருந்தன. இந்தக் கால்களோடுதான் நாளைக்குக் காணிக்குள் இறங்கப்போகிறான்.

காலையில் கவச உடுப்பைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இளையதம்பி அண்ணை தினமும் கேட்பதைக் கேட்டார்.

"ஆருக்கும் காய்ச்சலோ? நித்திரை இல்லையோ? வீட்டில சண்டையோ? மனம் வேற எங்கையும் நிக்குதோ?"

தனக்கு அப்படியென்றால் கையை உயர்த்தலாம். அன்றைக்கு வெளியே இருக்கலாம், குறை சொல்லமாட்டார்கள். ஆனால் இன்னொருவருக்காக ஆரும் கையை உயர்த்துவதில்லை. அடுத்தவர் வாயால் வெளியே போனவனை மறுபடி உள்ளே எடுத்ததில்லை.

ஜெயரூபி கையை உயர்த்தினாள்.

"உனக்கென்ன பிள்ளை?"

"எனக்கில்லை அண்ணை. அவருக்கு. அவர் சிவப்புத் தடியைக் கடந்தவர்."

"எங்க?"

"கட்டாரில."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. இளையதம்பி அண்ணை சிரிக்கவில்லை. சுகிர்தனின் பக்கம் திரும்பினார்.

"கழட்டு தம்பி" என்றார்.

சுகிர்தன் உடுப்பைக் கழற்றி நிலத்தில் போட்டான். அவளைத் தாண்டிப் போகும்போது, "அங்கையும் கெடுத்தாய், இஞ்சையும் கெடுத்தாய்" என்று மட்டும் சொன்னான்.

அவள் பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அவனுடைய பை இல்லை. விசா வரும்வரை கொழும்பில் கூட்டாளி வீட்டில் நின்று அப்படியே கட்டாருக்குப் போகிறானாம் என்று பக்கத்து வீட்டு விமலேஸ்வரி சொன்னாள். ஜெயரூபி அவனுக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். அவன் போனை நிறுத்தி வைத்திருந்தான். உயிரோடு போயிருக்கிறான், அதற்குத்தானே செய்தாய் என்று மனதைத் தேற்றினாள். மனம் தேறவில்லை. இரவு முழுக்க அழுதாள்.

விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். வேறு எங்கே போவது? வரிசையில் நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள்.

"ஆருக்கும் காய்ச்சலோ? நித்திரை இல்லையோ? வீட்டில சண்டையோ? மனம் வேற எங்கையும் நிக்குதோ?" என்று இளையதம்பி அண்ணை கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்த்தபடி நின்றார்.

காய்ச்சலைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு இருந்தது. ஜெயரூபி கையை உயர்த்தவில்லை. முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு காணிக்குள் போனாள்.